மொறிஸ்: ஒரு மோட்டார்ப் பெயரின் எழுச்சியும் வீழ்ச்சியும்

மன்னர்களின் வெற்றிகளையும் போர்களின் ஆண்டுகளையும் நிரற்படுத்திக் கூறுவதே வரலாறு என்ற கருத்து மறைந்து நெடுங்காலமாகிவிட்டது. மக்கள் உண்ட உணவு, உடுத்த உடை, கையாண்ட கருவி, ஏறிச்சென்ற ஊர்தி என்பனவும் இன்று வரலாற்று மாணவனின் ஆய்வுக்குரியன. கலப்பையின் வரலாறு உழவனின் வரலாறாக விரிவது போன்று, ஒரு மோட்டார்க் காரின் வரலாறும் அதனை ஆக்கியவர், விற்றவர், வாங்கியவர், பழுதுபார்த்தவர் ஆகிய நால்வகையினரின் வரலாறாக விரியக்கூடியது. அவ்வகையில், இலங்கைத் தமிழ் மக்களின் வாழ்வோடு பல்லாண்டுகள் இணைந்திருந்த 'மொறிஸ்' என்னும் ஆங்கிலப் பெயரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொறிஸ் மைனர் என்ற பெயரை அறியாத முதியோர் வடக்கிலும் கிழக்கிலும் அரிது. ஆமையோடு போல வளைந்த கூரையும், அகல விழித்த கண்கள் போன்ற முன்விளக்குகளும் கொண்ட அச்சிறு காரை அவர்கள் உறவினர் ஒருவரைப் பற்றிப் பேசுவது போன்றே பேசுவர். மணமக்களை ஏற்றிச் சென்றதும், பிரசவ வேதனையுற்ற பெண்ணை நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும் பலவேளைகளில் இக்காரோ அன்றேல் இதன் உறவான ஒஸ்ரின் காரோதான். "அந்தக் காலத்து இரும்பு; அதனாற்றான் இவ்வளவு காலம் ஓடிற்று" என்பது அவர்கள் தரும் விளக்கம். இவ்விளக்கம் எவ்வளவு தூரம் பொருந்தும்? அதே தொழிற்சாலையில் அதே இரும்பினாற் செய்யப்பட்ட கார்கள் இங்கிலாந்து மக்களின் நாளாந்த வாழ்விலிருந்து விரைவில் மறைந்துவிட்டன. 1984ஆம் ஆண்டோடு மொறிஸ் என்ற பெயரே அங்கு வழக்கொழிந்தது. பிறந்த இடத்திற் செத்த ஒன்று புகுந்த இடத்தில் வாழ்ந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதாயின், முதலில் அதன் பிறப்பிடம் நோக்கிச் செல்லுதல் வேண்டும்.

துவிச்சக்கர வண்டிக் கடையில் தொடங்கிய பேரரசு

வில்லியம் மொறிஸ் 1877ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வூஸ்ரர் நகரிற் பிறந்தவர்; ஒக்ஸ்போட் நகரையடுத்த சிற்றூரில் வளர்ந்தவர். குடும்ப வறுமை காரணமாகப் பதினைந்தாவது வயதளவிற் பள்ளிப்படிப்பை நிறுத்தினார். 1893இல் 4 பவுண் முதலோடு துவிச்சக்கர வண்டி பழுதுபார்க்கும் தொழிலை வீட்டிலேயே ஆரம்பித்தார். துவிச்சக்கர வண்டியிலிருந்து மோட்டார்ச் சைக்கிளுக்கும், அதிலிருந்து காருக்கும் அவர் படிப்படியாக முன்னேறினார். 1913இல் அவரது முதலாவது கார் 'மொறிஸ் ஒக்ஸ்போட்' என்ற பெயருடன் வெளிவந்தது. அதன் முன்புறத்து நீர்த்தாங்கி உருண்டு வளைந்திருந்தமையால் மக்கள் அதனைக் 'காளைமூக்கு' என்று பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தனர். கௌலி என்னும் இடத்திலிருந்த பழைய இராணுவப் பயிற்சிக் கல்லூரியொன்றே அவரது தொழிற்சாலை ஆயிற்று.

மொறிஸ் பெருஞ்செல்வரல்லர். ஆகவே, காரின் உறுப்புக்கள் யாவற்றையும் தாமே செய்வதற்கு முயலவில்லை. இயந்திரத்தை ஒருவரிடமும், அச்சினை இன்னொருவரிடமும், உடற்கூட்டினை வேறொருவரிடமும் வாங்கிப் பொருத்தினார். உறுப்புக்களைக் கடனுக்குப் பெற்று, கார்களைக் கைப்பணத்துக்கு விற்பது அவரது வணிக முறையாக இருந்தது. முதலாம் உலகப் போரின் பின்னர் 1920ஆம் ஆண்டின் இறுதியில் மந்தம் தோன்றியபோது கௌலியில் விற்பனையாகாத கார்கள் குவிந்தன. ஏனைய உற்பத்தியாளர்கள் செய்வதறியாது திகைத்து நிற்க, மொறிஸ் 1921இன் தொடக்கத்தில் விலையைக் குறைத்தார். 525 பவுணுக்கு விற்ற ஒரு வகைக் காரின் விலை ஒரேயடியாக 425 பவுண் ஆயிற்று. குவிந்து கிடந்த கார்கள் விலைபோயின. 1923இல் ஏறத்தாழ 20,000 கார்களையும், 1925இல் 50,000க்கு மேற்பட்ட கார்களையும் அவர் உற்பத்தி செய்தார். அவ்வாண்டிற் பிரித்தானியாவில் உற்பத்தியான கார்களில் ஐந்தில் இரண்டு பங்கு அவருடையவை.

இதன்பின் அவரது வளர்ச்சி ஒரு பேரரசின் வளர்ச்சியை ஒத்தது. தமக்கு உறுப்புக்கள் வழங்கிய நிறுவனங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினார். 1927இல் வங்குரோத்தடைந்த வூல்ஸ்லி நிறுவனத்தை 7 இலட்சத்து 30 ஆயிரம் பவுணுக்கும், 1938இல் றைலி நிறுவனத்தையும் தமதாக்கினார். அரசு அவருக்கு நஃபீல்ட் பிரபு என்ற பட்டத்தை அளித்தது. பிள்ளைகளற்ற அவர் தமது செல்வத்தில் 3 கோடி பவுணுக்கு மேற்பட்ட தொகையை மருத்துவத்துக்கும் கல்விக்கும் வழங்கினார் என்பர். பள்ளிப்படிப்பை முடிக்காத அவரது கொடையினால் 1937இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் நஃபீல்ட் கல்லூரி நிறுவப்பட்டமை ஈண்டு குறிப்பிடத்தக்கது.

எனினும், பேரரசுகளுக்கு இயல்பான நோய் இதனையும் பற்றிக்கொண்டது. மொறிஸ் அன்றாட நிருவாகத்திலிருந்து விலகி நீண்ட கடற்பயணங்களை மேற்கொண்டார். ஆனால் இறுதிச் சொல் தம்முடையதாகவே இருத்தல் வேண்டுமென விரும்பினார். திறமைமிக்க நிருவாகிகள் அவரோடு முரண்பட்டு வெளியேறினர். கௌலித் தொழிற்சாலையை நவீனப்படுத்திய லெனாட் லோட் என்பவர் 1936இல் வெளியேறிப் பின்னர் எதிரணியான ஒஸ்ரின் நிறுவனத்திற் சேர்ந்தார். கௌலியைக் கல்லுக்குக் கல் பிரித்தெறிவேன் என்று அவர் சூளுரைத்ததாகக் கூறப்படுவதுண்டு. சூளுரை உண்மையோ அன்றோ, பின்னர் நிகழ்ந்தவை அதற்கு வெகுதூரத்தில் இருக்கவில்லை.

மைனரின் பிறப்பு

இரண்டாம் உலகப் போர் நடைபெற்றுக்கொண்டிருக்கையிலேயே மொறிஸ் நிறுவனத்திற் புதியதொரு சிறுகாருக்கான திட்டம் தொடங்கிற்று. அதன் சிற்பி அலெக் இசிகோனிஸ். 1906இல் ஸ்மிர்னா நகரிற் கிரேக்கத் தந்தைக்கும் ஜேர்மானியத் தாய்க்கும் பிறந்த இவர், 1922இன் போரழிவினால் ஊரைவிட்டு வெளியேறி, வழியிலே தந்தையை இழந்து, தாயோடு இங்கிலாந்து வந்துசேர்ந்த அகதி. கணிதப் பரீட்சையில் மும்முறை தவறியவர். அத்தகையவர் தமது கையினால் வரைந்த படங்களிலிருந்தே இங்கிலாந்தின் சின்னமாகக் கருதப்படும் இரண்டு கார்கள் தோன்றின. ஒன்று மைனர்; மற்றையது 1959இல் வெளிவந்த மினி.

நஃபீல்ட் பிரபுவுக்கு மைனரைப் பிடிக்கவில்லை. நீரில் வேகவைத்த முட்டை போன்றிருக்கிறது என்று அவர் இகழ்ந்தார். போருக்கு முன்னைய 'மொறிஸ் எட்டு' என்ற காரே நன்கு விற்கும்போது புதிய கார் எதற்கு என்பது அவரது கருத்து. ஆயினும் உதவித் தலைவர் மைல்ஸ் தோமஸ் இசிகோனிஸின் பக்கம் நின்றார். உற்பத்தி தொடங்கும் தறுவாயில், கார் குறுகலாக இருப்பதாக இசிகோனிஸ் உணர்ந்தார். மாதிரிக் காரை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் விலக்கியபோது 'இதுவே சரி' என்று முடிவு செய்தார். ஏற்கெனவே செய்து வைத்திருந்த முன்தடுப்புச் சட்டங்களையும் நடுவில் வெட்டி நான்கு அங்குலத் துண்டொன்றை இடையிற் பொருத்தவேண்டியதாயிற்று. பழைய மைனர்களிற் காணப்படும் அவ்வொட்டு, இம்முடிவின் கல்வெட்டாக நிற்கின்றது.

1948 ஒக்ரோபரில் இலண்டன் கண்காட்சியில் மைனர் அறிமுகமாயிற்று. வரியுட்பட விலை ஏறத்தாழ 358 பவுண். சிறிய சக்கரங்கள், முறுக்குத் தண்டினாலான முன் தொங்கல் அமைப்பு, பற்சட்டமும் பற்சில்லுங் கொண்ட துல்லியமான சுக்கான் என்பன அக்காலத்துச் சிறுகார்களிற் பெரும்பாலும் காணப்படாதவை. முதலில் 918 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடைய பழைய இயந்திரமே பொருத்தப்பட்டது. 1952இன் பின் ஒஸ்ரினின் 803, 1956இல் 948, 1962இல் 1098 என இயந்திரம் வளர்ந்தது. 1960ஆம் ஆண்டின் இறுதியில் மைனரின் எண்ணிக்கை 10 இலட்சத்தை எட்டியது. பிரித்தானியக் கார் ஒன்று அவ்வெண்ணிக்கையை அடைந்தமை அதுவே முதற்றடவை. 1971இல் இங்கிலாந்தில் உற்பத்தி முற்றுப்பெற்றபோது மொத்தம் 16 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இது பெருவெற்றியே. ஆயினும், இதே காலத்தில் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் 'வண்டு' அடைந்த வளர்ச்சியோடு ஒப்பிடும்போது அதன் எல்லை புலப்படும். போர் முடிந்தபோது வொக்ஸ்வாகன் தொழிற்சாலையைப் பார்வையிட்ட பிரித்தானியக் கார் உற்பத்தியாளர்கள் அது பயனற்றது என ஒதுக்கினர். அவ்வாறு ஒதுக்கப்பட்ட கார் 2003 வரை, 2 கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியாயிற்று. வண்டு ஆண்டுதோறும் திருத்தப்பட்டது. அதனை விற்ற நாடுகளிலெல்லாம் உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பும் ஒழுங்காக வழங்கப்பட்டன. மைனரோ, பேரரசுச் சந்தையின் வழக்கமான வாடிக்கையாளரை நம்பியிருந்தது. வாடிக்கையாளர் வேறிடம் செல்லமாட்டார் என்ற நம்பிக்கையே முதலாவது விரிசல் எனலாம்.

வீழ்ச்சி

1952இல் மொறிஸும் ஒஸ்ரினும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. விரைவில் அதன் தலைமை, முன்பு கௌலியை விட்டு வெளியேறிய அதே லெனாட் லோட்டின் கைக்கு வந்தது. பெயரளவில் இணைந்தவை உண்மையில் இணையவில்லை. ஒரே கார் பல பெயர்ப்பட்டைகளைத் தாங்கி வெளிவந்தது. 1962இல் அறிமுகமான '1100' என்ற கார் காலப்போக்கில் மொறிஸ், ஒஸ்ரின், எம்.ஜி., வூல்ஸ்லி, றைலி, வன்டன் பிளாஸ் என ஆறு பெயர்களில் விற்கப்பட்டது. ஒரு காரை ஆறு பெயரில் விற்பதற்கு ஆறு விற்பனை அமைப்புக்கள் தேவைப்பட்டன. மினியைப் பிரித்தாராய்ந்த போர்ட் நிறுவனத்தார், விற்கும் ஒவ்வொரு காரிலும் ஏறத்தாழ 30 பவுண் நட்டம் ஏற்படவேண்டுமெனக் கணக்கிட்டனர். புதுமையான காரை வடிவமைக்கத் தெரிந்த நிறுவனம், அதன் உற்பத்திச் செலவைக் கணிக்கத் தெரியாதிருந்தது.

நஃபீல்ட் பிரபு 1963இற் காலமானார். 1968இல் மற்றுமோர் இணைப்பினாற் பிரிட்டிஷ் லேலண்ட் தோன்றியது. மைனருக்குப் பதிலாக 1971இல் வந்த மரீனா, புதிய உடையணிந்த பழைய காரே. மைனரின் முன் தொங்கல் அமைப்பு அதிலும் தொடர்ந்தது. வேலைநிறுத்தங்களும், முதலீட்டுக் குறைவும், தரக்குறைவும், யப்பானியக் கார்களின் வருகையும் ஒருங்கே தாக்கின. 1975இல் அரசு நிறுவனத்தைப் பொறுப்பேற்றது. மரீனா 1980இல் 'இற்றால்' என்ற பெயருடன் சிறிது மாற்றம்பெற்றது. 1984இல் அதுவும் நிற்க, மொறிஸ் என்ற பெயர் மறைந்தது. தொழிலாளரின் வேலைநிறுத்தங்களை மாத்திரம் காரணங்காட்டும் ஆசிரியர்கள் உளர். ஆனால் ஆறு பெயர்ப்பட்டைகளையும், செலவறியாத விலைகளையும் தொழிலாளர் தீர்மானிக்கவில்லை என்பதை மறத்தலாகாது. இன்று கௌலியில் ஜேர்மானிய நிறுவனமொன்று மினி என்ற பெயரிற் கார் செய்கின்றது.

மூடிய கதவுகள் தந்த ஆயுள்

மொறிஸ் குடும்பத்தின் ஒரு கிளை இந்தியாவில் வேர்விட்டது. பிர்லா குடும்பத்தாரின் ஹிந்துஸ்தான் மோட்டோர்ஸ் நிறுவனம், மொறிஸ் ஒக்ஸ்போட் காரின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1950களின் பிற்பகுதியில் வங்காளத்தின் உத்தர்பாராவில் 'அம்பாசிடர்' காரை உற்பத்தி செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் மூன்றாண்டளவே நீடித்த அவ்வுருவம், இந்தியாவில் 2014 வரை நீடித்தது. அமைச்சர் முதல் வாடகைக் கார்ச் சாரதி வரை அதனைப் பயன்படுத்தினர். காரணம் யாது? வெளிநாட்டுக் கார்களுக்குக் கதவு மூடப்பட்டிருந்தது. உள்நாட்டிற் கார் செய்வோர் மிகச் சிலரே. அவர்களும் அரசின் அனுமதியோடு மட்டுமே உற்பத்தியைப் பெருக்கலாம். 1983இல் மாருதி வந்தவுடன் அம்பாசிடரின் ஆட்சி தளரத் தொடங்கியமை இதனை மெய்ப்பிக்கும்.

இலங்கையிலும் கதவே ஆயுளைத் தீர்மானித்தது. எனினும் நிகழ்ந்த முறை வேறு. இந்தியாவில் பழைய உருவத்திற் புதிய கார்கள் உற்பத்தியாகிக்கொண்டிருந்தன. இலங்கையிலோ புதிய கார் வராது, பழைய காரே மீண்டும் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது.

குடியேற்ற ஆட்சிக் காலத்திலும் சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளிலும் இலங்கையின் வணிகம் பிரித்தானியாவோடு பிணைந்திருந்தது. தேயிலையும் இறப்பரும் அங்கு சென்றன. காரும் இயந்திரமும் அங்கிருந்து வந்தன. கொரியப் போர்க்காலத்தில் இறப்பர் விலை உயர்ந்தமையால் நாட்டின் செலாவணிக் கையிருப்புப் பெருகிற்று. மருத்துவர், வழக்கறிஞர், தலைமையாசிரியர், வணிகர் போன்றோர் சிறுகார் வாங்கத்தக்க நிலை உருவாயிற்று. மைனரும் ஒஸ்ரின் கார்களும் இவ்வலையோடு வந்தவையே. 1950களின் பிற்பகுதியிற் செலாவணிக் கையிருப்புக் கரையத் தொடங்கியது. 1960இன் பின் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சிக்காலத்திற் கட்டுப்பாடு உச்சநிலையை அடைந்தது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின்னரே யப்பானியக் கார்கள் பெருமளவில் வந்தன. ஆகவே, 1950களில் வாங்கப்பட்ட கார் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடியே தீரவேண்டிய நிலை இருந்தது. ஓட்டியவனுக்கு வேறு தெரிவில்லை.

இக்கார்களின் இலக்கத் தகடுகளும் வரலாற்று மாணவனுக்குச் சான்றுகளாகும். பழைய கார்கள் ஆங்கில எழுத்துக்கள் கொண்ட தகடுகளை உடையன. தனிச்சிங்களச் சட்டத்தை அடுத்து 1957இல் இலக்கத் தகடுகளிற் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் புகுத்தப்பட்டது. தமிழரசுக் கட்சியினர் அதனைத் தார்பூசி அழித்துத் தமிழில் எழுதும் போராட்டத்தை நடத்தினர்; 1958இன் கொடிய நிகழ்வுகளுக்கு முன்னோடியாக அமைந்தவற்றுள் அதுவும் ஒன்று. எனவே, ஆங்கில எழுத்துத் தகட்டோடு நின்ற ஒரு மைனர், தனது வயதை மட்டுமன்றி, மொழிப் பிரச்சினையின் எந்தப் பக்கத்து ஆண்டிற் பதிவாயிற்று என்பதையும் உடன் கூறிவிடும்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், மின்கலம், சீமெந்து எனப் பல பொருட்கள் தடைசெய்யப்பட்டன. மின்சாரம் நின்றது. பெற்றோல் கிடைப்பது அரிதாகி, கிடைத்தாலும் தாங்கமுடியாத விலைக்கு விற்றது. அவ்வேளையிற் புதிய யப்பானியக் கார்கள் கொட்டில்களில் உறங்க, மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. இது அற்புதமன்று, இயந்திரவியல் அடிப்படையுடையது.

மண்ணெண்ணெய் பெற்றோல் போன்று எளிதில் ஆவியாவதில்லை. அழுத்தம் மிகுந்த இயந்திரத்தில் அது முன்கூட்டியே வெடித்து உறுப்புக்களைத் தாக்கும். மைனர் போன்ற பழைய இயந்திரங்களின் அழுத்த விகிதம் குறைவு. ஆதலால் அவை தாழ்தர எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. அவற்றின் உள்ளெடுக்கும் குழாயும் வெளியேற்றும் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் அருகருகே அமைந்தவை. இயந்திரம் சூடேறியதும் அவ்வெப்பத்தினால் மண்ணெண்ணெய் ஆவியாயிற்று. குளிர்ந்த நிலையில் இயந்திரம் இயங்காது என்பதால், முதலிற் சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மின்கலம் நலிந்தபோது முன்புறத்துத் துளையிற் கைபிடியைச் செருகிச் சுழற்றினர். கரும்புகை எழுந்தது, கரி படிந்தது, இயந்திர எண்ணெயோடு மண்ணெண்ணெய் கலந்து அதன் வழுவழுப்பைக் கெடுத்தது. ஆகவே இயந்திரத்தை அடிக்கடி கழற்றித் துப்புரவாக்க வேண்டியிருந்தது. இவ்வளவு சிரமத்தையும் ஏற்று அதனை ஓட்டச்செய்தவர்கள் கராஜ்களில் வேலைசெய்த மெக்கானிக்குகளே.

மைனரின் அமைப்பு அவர்களுக்கு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. அதன் சக்கர மூடிகள் திருகாணிகளாற் பொருத்தப்பட்டவை. பழுதடைந்ததைக் கழற்றிப் புதியதைப் பூட்டலாம். இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பும் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளது. எனினும், அமைப்பு மாத்திரம் காரை ஓட்டாது. கடைசல் இயந்திரத்தில் உறுப்பைக் கடைந்தவர், பழைய தகட்டை நெளித்து ஒட்டியவர், ஒரு காரின் உறுப்பை மற்றொரு காருக்கு இசைவாக்கியவர் ஆகியோரின் கைத்திறனே காரணம். தொழிற்சாலை கைவிட்ட காரை இவர்கள் கைவிடவில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையம், தனது பழைய கார்களுக்கு வேண்டிய உதிரிப்பாகங்களை இலங்கையிற் செய்விக்க முற்பட்டது. பிறந்த நாடு தனது காரின் உறுப்புக்காகப் புகுந்த நாட்டின் தொழிலாளரை நாடியமை, வரலாற்றின் விசித்திரமான திருப்பமேயாகும்.

கொட்டியாரத்தின் வேறு கதை

ஆயினும் யாழ்ப்பாணத்தின் அனுபவத்தைத் தமிழர் பிரதேசம் முழுமைக்கும் பொதுமைப்படுத்துதல் தவறாகும். எமது கிளிவெட்டி மூதூருக்குத் தெற்கேயுள்ள வயற்கிராமம். முன்னர் இங்கிருந்து திருகோணமலை செல்வதாயின் மூதூரிலிருந்து கொட்டியாரக்குடாவைப் படகிற் கடக்கவேண்டியிருந்தது. அன்றேல் ஆற்றுத் துறைகள் பலவற்றில் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறியிறங்கவேண்டியிருந்தது. அன்றேல் கந்தளாய் வழியாகச் சுற்றிச் செல்லவேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009இலும், அதன் தெற்கேயுள்ள ஏனைய துறைகளுக்கான பாலங்கள் 2011இலுமே திறக்கப்பட்டன. இத்தகைய பகுதியிற் கார் என்பது ஆடம்பரமன்று. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் அது உயிரின் விலை. ஊருக்கொன்றாக இருந்த வாடகைக் காரின் சாரதியை நள்ளிரவிலும் தட்டி எழுப்பும் உரிமை ஊரார் அனைவருக்கும் இருந்ததாக முதியோர் கூறுவர்.

அக்கார்களுள் ஒன்றேனும் எமது கிராமத்தில் இன்று எஞ்சவில்லை. துருப்பிடித்ததனாலோ, புதிய கார் வந்ததனாலோ அவை அழியவில்லை. 1985இலும் அதன்பின்னரும் கிளிவெட்டியும் அயற்கிராமங்களும் வன்முறைக்கும் படுகொலைக்கும் உள்ளாயின. மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். ஓடுகின்றவன் கைக்குழந்தையையும் உடுதுணியையும் எடுத்துச் செல்வான். கொட்டிலில் நிற்கும் காரை என் செய்வான்? 2006இல் மூதூர்ப் பிரதேசத்திற் போர் மீண்டபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. சம்பூரிலிருந்து வெளியேறிய மக்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமிற் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். கார் வாழ்வதற்கு மெக்கானிக்கின் கைத்திறன் மட்டும் போதாது. அவன் ஓரிடத்தில் நிலைத்திருத்தலும் வேண்டும். யாழ்ப்பாணத்தின் தடை காரைப் பேணிற்று. கொட்டியாரத்தின் இடப்பெயர்வு அதனை அழித்தது. இரண்டும் ஒரே போரின் விளைவுகளே. 'அந்தக் காலத்து இரும்பு' என்னும் விளக்கம் இவ்விடத்தில் முற்றாக உடைந்துவிடுகின்றது. இரும்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, மொறிஸ் என்ற பெயர் எதிரிகளால் மட்டும் வீழ்த்தப்படவில்லை. 1921இல் விலைகுறைக்கத் துணிந்த நிறுவனம், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் தனது காரின் உற்பத்திச் செலவையே அறியாத நிறுவனமாக மாறியமையே வீழ்ச்சியின் வேர். இரண்டாவது, எமது நாட்டில் அக்கார் நீண்டு வாழ்ந்தமைக்கு அதன்மீது நாம் கொண்ட பற்றே காரணம் என்பது பொருந்தாது. செலாவணிப் பற்றாக்குறையும் தடையுமே எம்மைப் பற்றுக்கொள்ளச் செய்தன. வறுமையிற் பிறந்ததை வறுமையின் பெருமையாகப் பாடுதல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. மூன்றாவது, அவ்விடுக்கணில் வெளிப்பட்ட கைத்திறன் உண்மையானது, மதிக்கத்தக்கது, ஆனால் எழுதப்படாதது.

இம்மூன்றாவது உண்மையே எம்மை நோக்கிக் கேள்வி எழுப்புகின்றது. நஃபீல்ட் பிரபுவின் வாழ்க்கையையும் இசிகோனிஸின் வரைபடங்களையும் பற்றி நூல்கள் பல உள. மண்ணெண்ணெயில் மைனரை ஓட்டிய மெக்கானிக்கைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. எவ்வெவ் உறுப்பை எதனாற் பிரதியீடு செய்தார், எவ்வளவு பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்தார், யாரிடம் அத்தொழிலைக் கற்றார் என்பன அவரது நினைவில் மட்டுமே உள்ளன. 2020 மார்ச் மாதத்தில் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடையில் 2022இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அறுபதுகளிலும் தொண்ணூறுகளிலும் எமது முன்னோர் கற்ற பாடம் மீண்டும் தேவைப்பட்டபோது, அதனைப் புரட்டிப்பார்ப்பதற்கு எம்மிடம் ஏடு இருக்கவில்லை.

பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் கல்வெட்டுக்களையும் ஏட்டுச்சுவடிகளையும் தேடிச் செல்வது போற்றத்தக்கது. அதே ஆர்வத்தோடு, எண்ணெய்க் கறைபடிந்த கராஜ்களுக்கும் நாம் செல்லுதல் வேண்டும். அங்கே இருக்கும் முதியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களின் கையிலிருக்கும் சாவி அடுத்த தலைமுறையிடம் சென்றுவிடும். அவர்களின் நெஞ்சிலிருக்கும் அறிவோ எழுதினாலன்றிச் செல்லாது. மொறிஸ் என்ற பெயரை இங்கிலாந்து மறந்தாற் பாதகமில்லை. அதன் நூலகங்கள் அதனை நினைவில் வைத்துள்ளன. எமது மெக்கானிக்குகளை நாம் மறந்தால் நினைவுகூர வேறெவருமில்லை.